முறிவு நெரிவு டொக்டர்

மெடிக்கல் ஸ்கூலுக்குப் போக எடுக்கிற எம்கற் சோதனையில எனக்கு மெலனியைவிட எட்டுப் புள்ளி கூட. மல்வேர்ன் லைப்ரரியில ஒரே மேசையில இருந்துதான் ரெண்டு பேரும் படிச்சனாங்கள். என்னைக் கனடாவில ஒரு மெடிக்கல் ஸ்கூலும் கூப்பிடேல்லை. அவளுக்கு அமெரிக்காவில, எலும்பு தசையைக் கையால பிடிச்சுச் சுகமாக்கிறதையும் சேர்த்துப் படிப்பிக்கிற ஒஸ்டியோபதி மெடிக்கல் ஸ்கூலில இடம் கிடைச்சிட்டுது. எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது.

ஞாயிறு பூசை முடிய, சேர்ச் வாசலில பிலோமினா அன்ரி, "மெலனி டொக்டருக்கே படிக்கப் போறாள்?" எண்டு கேட்டா.

அங்க படிச்சாலும் முழு டொக்டர்தான் எண்டு எனக்கு வடிவாத் தெரியும். தெரிஞ்சும், "உது எங்கட ஊரில எலும்பு முறிவு நெரிவுக்கு எண்ணெய் பூசிப் பத்துக் கட்டுற நாட்டு வைத்தியம் மாதிரி, அன்ரி" எண்டன்.

கதை சேர்ச் முழுக்கப் பரவி, மெலனியின்ர அம்மா பூசைக்கு வாறதையே விட்டிட்டா.

அடுத்த கிழமை மெலனி ஃபோன் எடுத்தாள். "உன்ர ஸ்கோருக்கு அங்க கட்டாயம் இடம் கிடைக்கும். வெள்ளிக்கிழமை கடைசி நாள், அப்ளிகேஷன் போடு."

போட்டன். கிடைச்சுது.

லீவுக்குக் கனடா வந்து ரெண்டு பேரும் பூசைக்குப் போனம். பிலோமினா அன்ரி முழங்காலைத் தடவிக்கொண்டு வந்தா. "பிள்ளை, முறிவு நெரிவு எண்டு நீதானே அண்டைக்குச் சொன்னனீ. இப்ப நீயும் அதுவோ?"

மெலனி என்னைப் பார்த்தாள். பிறகு குனிஞ்சு அன்ரியின்ர முழங்காலைப் பிடிச்சாள். "ஓம் அன்ரி, ரெண்டு பேரும் அதுதான்."

அப்பவும் எனக்கு வந்தது பொறாமைதான். எட்டுப் புள்ளி கூட எடுத்த எனக்கு அப்பிடிச் சொல்ல வாய் வந்திராது.