ஈவாஞ்சலின் வளர்த்த கல்

ஈவாஞ்சலினுக்குக் கைராசி உண்டு என்று அந்தத் தூத்துக்குடிக் கல்லூரியில் எல்லாருமே ஒத்துக்கொள்வார்கள். இரும்பு ஆக்சைடை வெண்காரத்தோடு சேர்த்து உலையில் உருக்கி, வாரக்கணக்கில் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, மிளகு அளவுக்கு மின்னும் கருப்புப் படிகமாக எடுத்துவிடுவாள். சாத்தான்குளத்து வாத்தியார் வீட்டுப் பெண், பொறுமைக்குக் கேட்க வேண்டுமா? ஆனால் என்ன பிரயோசனம்! கல்லை வளர்த்தது இவள், பேர் வாங்கப் போவது அனுஜா. நினைத்தாலே வயிறு பற்றி எரிந்தது.

அனுஜா கப்பல்காரர் வீட்டுப் பெண். இவளுக்குப் பின்னால் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள். எப்போது பார்த்தாலும் சிரிப்பு, வாய்க்கு வாய் 'அக்கா'. அந்தச் சிரிப்பே ஈவாஞ்சலினுக்கு ஆகாது.

சங்கதி இதுதான். படிகத்துக்குள் அணுக்கள் வரிசை கட்டி நின்றாலும் சும்மா நிற்காது, ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். இந்தப் படிகத்தில் ஒவ்வொரு இரும்பு அணுவும் ஒரு குட்டிக் காந்தம் வேறு. சாதாரணச் சூட்டில் படுத்துக் கிடக்கும் அந்தக் காந்தங்கள், மைனஸ் பதிமூன்று டிகிரி வாக்கில் மொத்தமாக நிமிர்ந்துவிடும். நிமிரும்போது அதிர்வும் கூடவே மாறுமா, இல்லை நீ யாரோ நான் யாரோ என்று அதுபாட்டுக்குக் கிடக்குமா? லேசரை அடித்துத் திரும்பி வரும் ஒளியை அளந்தால், அதிர்வு திரையில் ஒரு கூம்பாகத் தெரியும். அதிர்வு மாறினால் கூம்பு நகரும்.

ஈவாஞ்சலின் வருஷக்கணக்கில் தலைகீழாக நின்று பார்த்தும் கூம்பு அசையவில்லை. நேற்று வந்த அனுஜாவுக்கு, அதுவும் இவள் வளர்த்த கல்லிலேயே, அது நகர்ந்து காட்டிவிட்டது. சென்னைக் கருத்தரங்கில் பேச அழைப்பும் வந்தாயிற்று. பொறுப்பாளா ஈவாஞ்சலின்? நேரே பேராசிரியர் செல்வதுரையிடம் போனாள்.

"எனக்குச் சந்தேகமா இருக்கு சார். நான் ஒருதடவ எடுத்துப் பாக்கேன்."

"பாரும்மா. உனக்கும் வந்தா அவ சென்னைக்குப் போட்டும். வரலன்னா விட்டுருவோம்" என்றார் அவர்.

மெஷினில் உட்காரும்போது அனுஜா வந்து, "அக்கா, லேசர மட்டும் கொறச்சு வைங்க" என்றாள். எனக்கே பாடமா என்று பல்லைக் கடித்துக்கொண்டாள் ஈவாஞ்சலின்.

அன்றைக்குப் பார்த்துக் கொண்டல்காற்று. கடல் ஈரம் அறைக்குள் வந்து, படிகத்தைக் குளிரவைத்திருந்த பெட்டியின் கண்ணாடியில் பனி படர்ந்தது. ஒளி மங்கியது. அப்படி மங்கினால் லேசரைக் கூட்டுவதுதான் அவள் வழக்கம். அனுஜாவைத் தவிர அந்த மெஷினைத் தொட்ட எல்லாருக்கும் அதுதான் வழக்கம். ஆனால் இன்றைக்கு அனுஜாவின் வழியிலேயே போய் அவள் மூக்கை உடைக்க வேண்டுமே! லேசரைக் கூட்டாமல், காய்ந்த நைட்ரஜனை ஊதிக் கண்ணாடியைத் தெளியவைத்துப் பொறுமையாகக் காத்திருந்தாள்.

கூம்பு நகர்ந்தது.

இத்தனை நாளும் கூட்டிவைத்த லேசரே படிகத்தைச் சுட்டிருக்கிறது. மீட்டர் என்னவோ குளிரைத்தான் காட்டியது, ஒளி விழுந்த இடத்தில் காந்தங்கள் நிமிரவே இல்லை. இந்தச் சின்ன விஷயம் தன் புத்திக்கு எட்டாமல், அனுஜாவுக்கு எட்டியதே என்றுதான் அவளுக்கு ஆத்திரம் வந்தது. திரையை அணைத்தாள்.

செல்வதுரை அனுஜாவோடு உள்ளே வந்தார். "என்னம்மா, வந்துச்சா?"

"வரல சார்."

அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுத் தம் அறைக்குப் போனார். அனுஜா மல்லுக்கு நிற்பாள், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று ஈவாஞ்சலின் தயாராக இருந்தாள். அவளோ ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அக்கா கை தப்பாது. நாந்தான் எங்கயோ கோட்டவிட்டுட்டேன். சென்னைக்கு வரலன்னு சொல்லிருதேன்" என்று போனை எடுத்தாள்.

ஜெயித்தாயிற்று. கொண்டாட வேண்டிய நேரம். ஆனால் ஈவாஞ்சலினால் அங்கே உட்கார முடியவில்லை. அனுஜா நம்பரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏளா, போன வை. வந்துச்சு."

அனுஜா நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு இல்லை. "பொறவு ஏன் வரலன்னு சொன்னீங்க?"

பூசி மெழுக ஏதாவது கிடைக்குமா என்று ஈவாஞ்சலின் யோசித்தாள். பிறகு அணைத்த திரையைத் திரும்பப் போட்டாள்.

"ஒனக்கு மொதல்ல வந்துட்டுல்லா, அதான்."