ஆத்துக்கல் தோட்டத்துப் பிரகடனம்

லிந்துலைக்கு மேலே ஆத்துக்கல் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து ஒற்றை அறைக் காம்பிராவில் பிறந்து பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் தனலெட்சுமி. போனவள் கொழும்பில் தங்கிவிடாமல் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே வரலாறு படிப்பிக்கத் திரும்பி வந்தாள். அதற்காகவே ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. தூக்கி வைத்தது பிசகு என்று சொல்லமாட்டேன். ஆனால் மேலே உட்கார்ந்தவருக்குக் கீழே இறங்கத்தான் கால் வராது.

அவளுடைய கூட்டாளி ஜெகதீஸ்வரி. ஐந்தாம் வகுப்பில் ஒரே வாங்கில் உட்கார்ந்தவர்கள். எட்டாம் வகுப்போடு ஜெகா கொழுந்துக் கூடையை எடுத்தாள். புருஷன் செத்து ஆறு வருஷம், பிள்ளைகள் இரண்டு. தோட்டக் கம்பெனி கைமாறியபோது, ஆள் பேர் பதிகிற செக்ரோல் நம்பரை எல்லாம் புதிதாகப் போட்டார்கள். அதில் ஒன்றாம் நம்பர் இவளுக்கு விழுந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் முதல் பெயராகக் கூப்பிடுவார்கள் என்பதில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமை.

போன கார்த்திகை மழையில் கீழ் லயம் வெடித்தது. கை நுழைகிற அளவுக்குச் சுவரில் பிளவு. அரசாங்கத்திலிருந்து வந்தவர்கள் பார்த்துவிட்டு, சிவப்பு மையில் அடையாளம் போட்டு, "இங்கே இருக்காதீர்கள்" என்றார்கள். எங்கே இருப்பது என்று மட்டும் சொல்லவில்லை. இருபத்திரண்டு குடும்பமும் மேலே பத்தாம் நம்பர் மலைக்கு ஏறிப் படங்குத் துணியில் கூடாரம் கட்டிக்கொண்டது. அது தேயிலை காடாகி, கம்பெனி பத்து வருஷமாகத் திரும்பியும் பார்க்காத இடம். ஆட்கள் ஏறியதும் பார்த்தது. ஒரு மாதத்துக்குள் இறங்கு என்றது.

அங்கேயே இருக்க விடச் சொல்லிக் கம்பெனிக்கு ஐந்து பெட்டிசம் போனது. ஐந்தும் செவிடன் காதில் ஊதிய சங்கு. ஆறாவதை எழுதித் தரச் சொல்லி, தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் வீரய்யா ஒரு ஞாயிற்றுக்கிழமை தனலெட்சுமியை மாரியம்மன் கோயிலடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அந்த வாரம் அவள் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தது அமெரிக்க சுதந்திரப் பாடம். கப்பலில் வந்த தேயிலையைக் குடியேறிகள் கடலில் கொட்டிய கதையைச் சொன்னபோது, "அது நம்ம தோட்டத்துத் தேயிலையா டீச்சர்?" என்று நிஷாந்தி என்ற பிள்ளை கேட்டு வகுப்பே சிரித்திருந்தது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை போலும்.

"ஆறாவது பெட்டிசம் எழுத மாட்டேன்" என்றாள் தனலெட்சுமி. "அமெரிக்காவுல குடியேறுன சனங்களும் மொதல்ல பெட்டிசந்தான் எழுதுனாங்க. மாட்சிமை தங்கிய ராசாவுக்குன்னு கும்பிட்டுக் கும்பிட்டு எழுதுனாங்க. கேக்காம வரி போடாதீங்க, எங்க பேச்சையும் கேளுங்கன்னு எழுதுனாங்க. கடைசியா அனுப்புனத ராசா கையில வாங்கிப் பாக்கக்கூட இல்ல. பட்டாளத்ததான் அனுப்புனாரு. அப்புறந்தான் அவங்களுக்குப் புத்தி வந்துச்சு. ராசா செஞ்ச குத்தத்த எல்லாம் ஒன்னொன்னா வரிசையா எழுதி, இனிமே நாங்க ஒன் குடி இல்லன்னு முடிச்சு, அம்பத்தாறு பேர் கையெழுத்து வச்சாங்க. தோத்தா தூக்குன்னு தெரிஞ்சேதான் வச்சாங்க."

அடேயப்பா, கோயிலடியே எழுந்து நின்றது! கும்பிடு போட்டே கூன் விழுந்த சனத்துக்கு, கும்பிடாமல் எழுதலாம் என்று ஒருத்தர் சொன்னால் எப்படி இருக்கும்? வீரய்யா விசில் அடித்தார், அந்த வயதில்.

தனலெட்சுமி இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி, தலவாக்கலையில் டைப் அடித்துக் கொண்டுவந்தாள். 'ஆத்துக்கல் தோட்டக் குடிகளாகிய நாங்கள்' என்று தொடங்கியது. கம்பெனியின் குற்றங்கள் பதினேழு. 'பத்தாம் நம்பர் மலையில் வாழ்வோரே அம்மலையின் இறைமைக்கு உரியோர் எனப் பிரகடனம் செய்கிறோம்' என்று முடிந்தது. அவள் வாசித்தபோது ஜெகா அழுதாள்.

வீட்டுக்கு ஒரு கையெழுத்தை வீரய்யா வழக்கம்போல செக்ரோல் வரிசையில் வாங்கினார். தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் அந்த வரிசைதான். கம்பளி கொடுத்தாலும் சரி, திருவிழாவுக்குப் பானகம் ஊற்றினாலும் சரி. யார் முந்தி யார் பிந்தி என்ற சச்சரவு வராது. அதனால் ஜெகா முதலாவதாக, முழுப் பெயரையும் நிறுத்தி எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவைக் கூட்டாளியிடம் நீட்டினாள்.

"அமெரிக்காவுல அத எழுதுனவரும் கையெழுத்து வச்சாராடி?"

"வச்சாரு" என்றாள் தனலெட்சுமி. வரலாறு படித்தவள், பொய் சொல்ல முடியவில்லை. "ஆனா நான் செக்ரோல்ல இல்லையே. கவர்மெண்டு ஆளு வேற."

"ஆமா, டீச்சர இழுக்காதீங்க" என்று நாலு பேர் அவளுக்காகப் பேசினார்கள். அவளும் அதைப் பிடித்துக்கொண்டாள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

தோட்டத்து ஒப்பீசுக்குச் செக்ரோல் வரிசை எல்லாம் தெரியும். ஆனால் கடிதம் போனது கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு. அங்கே இருந்த வக்கீல்களுக்கு முதல் பெயர் என்றால் தலைவர் என்றுதான் அர்த்தம். பத்தாம் நாள் பதில் வந்தது. மன்னிப்புக் கடிதத்தில் ஒப்பமிடுகிறவர்கள் வேலையில் தொடரலாம். தூண்டிவிட்ட தலைவி ஜெகதீஸ்வரி விசாரணைக்கு வர வேண்டும். செக்ரோலில் பேர் வெட்டினால் வேலை மட்டுமா போகும்? கம்பெனிக் கூரை உரிமையும் போகும், பத்தாம் நம்பர் மலையும் போகும். தலைவி! தன் வீட்டு நாயைக்கூட அதட்டத் தெரியாதவள் அவள்.

மற்ற இருபத்தொரு பேரும் மன்னிப்பில் ஒப்பமிட்டார்கள், வீரய்யா உட்பட. வயிறு இருக்கிறதே, அவர்களைக் குறை சொல்ல நான் யார்?

வியாழக்கிழமை விசாரணை. தனலெட்சுமி அரை நாள் லீவு போட்டுத் துணைக்குப் போனாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனாள், அதையும் சொல்லவேண்டும். போகிற வழியெல்லாம் 'நான் எழுதினேன்' என்பதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அடுத்த மாதம் பள்ளி அதிபர் தரத்துக்கு அவளுக்கு நேர்முகப் பரீட்சை என்பதும் கூடவே நடந்து வந்தது.

ஒப்பீசில் தோட்ட மானேஜரான பெரியதொரை, "உட்காருங்க டீச்சர்" என்று நாற்காலி காட்டினார். அவள் உட்கார்ந்தாள். ஜெகா நின்றாள். தோட்டத்து ஒப்பீசில் தொழிலாளிக்கு நாற்காலி கிடையாது. யாரும் அதை எழுதி வைத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும்.

தொரை கடிதத்தை விரலால் தட்டினார். சிங்களம் கலந்த தோட்டத்துத் தமிழ். "இது நீ எழுதினது இல்லை. எனக்குத் தெரியும். எழுதின ஆள் பேர் சொல்லு. சொன்னா உன் பேர் வெட்ட மாட்டேன். கொழும்புக்கு நான் பேசுறேன்."

தனலெட்சுமி சொல்ல வேண்டிய இடம் இதுதான். இரண்டே சொல். நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தாள். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? பயம் இருந்தது. அவ்வளவுதான், வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

ஜெகா அவள் பக்கம் ஒருமுறை திரும்பினாள். கொஞ்ச நேரம் திரும்பியபடியே நின்றாள். பிறகு தொரையைப் பார்த்து, "நாந்தாங்க எழுதுனேன்" என்றாள்.

"பொய். இந்த இறைமை, அது என்ன? சொல்லு பார்க்க."

"இந்த எடத்த விட்டுப் போன்னு எங்கள யாரும் வெரட்ட முடியாதுங்கறதுங்க."

தொரை சிரிக்கவில்லை. தனலெட்சுமி இருபது வருஷம் படிப்பித்ததில் ஒரு பிள்ளையும் இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. அப்போதும் அவள் எழுந்திருக்கவில்லை. தொரை சிவப்புப் பேனாவை எடுத்துச் செக்ரோலில் ஒன்றாம் நம்பரை வெட்டி, கிளாக்கரிடம் கொடுத்தார். மாத முடிவுக்குள் ஜெகா மலையைக் காலி செய்ய வேண்டும் என்றார்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஜெகா படங்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டாள். தனலெட்சுமி அவள் கையைப் பிடித்தாள். ஜெகா உதறவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

"ஏன்டி அப்படிச் சொன்ன?" என்றாள் தனலெட்சுமி. "நான்... நான் சொல்லத்தான்டி வந்தேன்."

"தெரியும்டி. நீ எந்திரிப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ எந்திரிக்கல. கேட்ட கேள்விக்கு யாராச்சும் ஒருத்தர் பதில் சொல்லணும்ல?"

அவள் மலைப் பக்கம் ஏறினாள். தனலெட்சுமிக்குப் பள்ளிக்கூடத்தில் இன்னும் இரண்டு பாடம் பாக்கி இருந்தது.