கணவாய்க்கு ஒரு மணி நேரம் கீழே

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் காலை ஷிப்டுக்கு இறங்க, ஆட்களைக் கீழே கொண்டுபோகும் கேஜுக்காக வரிசையில் நின்றிருந்தேன். விளக்கு கொடுக்கும் அறையிலிருந்து ஓடிவந்த ஒருவர், "சார், நம்ம ரத்தினவேலு பூட்டாரு சார். விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஸ்கெலட்டன் குடியிருப்புல, அவரு வீட்லயே" என்றார். வரிசையில் நின்ற எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். கேஜ் வந்தது. சிறிது நேரம் யாரும் ஏறவில்லை.

சுரங்கத்தின் மீட்புக் குழுவில் இருந்தவர் ரத்தினவேலு. கீழே பாறை வெடித்தாலோ புகை சூழ்ந்தாலோ மற்றவர்கள் மேலே ஓடிவர, அவர் முதுகில் ஆக்சிஜன் பெட்டியைச் சுமந்து கீழே போவார். நான் சர்வே அலுவலகத்தில் சுரங்கத்தை அளந்து வரைபடம் வரைபவன். இருவருக்கும் ஒரே வயது. இமயமலையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருவருக்கும் இருந்தது. 1960களின் கடைசியில், ஒரு வைகாசியில், விடுப்பைச் சேர்த்து எடுத்துக்கொண்டு கிளம்பத் தீர்மானித்தோம்.

எந்தப் பாதை என்பதில்தான் சண்டை வந்தது. நான் கேதார்நாத் என்றேன். வழி நெடுகச் சத்திரம், சாப்பாடு, உதவிக்கு ஆயிரம் பேர். அவரோ நான் கொண்டுபோயிருந்த வரைபடத்தில், மந்தை ஓட்டுபவர்கள் மட்டும் போகும் ஒரு கணவாயில் விரலை வைத்தார். பதினாலாயிரம் அடிக்கும் மேலே.

"அங்க ஒரு ஆளு கூட கெடயாதே ரத்தினம். ஏதாவது ஆச்சுன்னா?"

"கூட்டம் இருந்தா மட்டும் இன்னா? புகை வந்த அன்னிக்கு எல்லாரும் ஒரே நேரத்துல கேஜுக்கு ஓடினாங்க. நடுவுல ஒருத்தன் விழுந்தான். அவன் கத்தினது யாருக்கும் கேக்கல. நாங்க போயி எடுத்தப்ப அவன் முதுகெல்லாம் பூட்ஸ் தடம்பா."

வரைபடத்தை மடித்து, அவர் சொன்ன பாதைக்கே சம்மதித்தேன். ஆனால் மனதுக்குள் ஒப்புக்கொள்ளவில்லை.

மலையடிவாரத்துக் கிராமத்தில் தேவ்சிங் என்ற வழிகாட்டி கிடைத்தார். முதல் இரண்டு நாளும் எங்கள் மூவரைத் தவிர மனித முகமே காணவில்லை. ரத்தினவேலு சின்னப்பிள்ளைபோல் அடிக்கடி நின்று, "சத்தமே இல்ல பாத்தியா" என்பார். எனக்கு அந்த அமைதி பயமாக இருந்தது. மூன்றாம் நாள் தலை பிளப்பதுபோல் வலித்தது. ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கி வாந்தி எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தேன். பாதை வேண்டாம் என்று சொன்னவனே முதலில் விழுந்தான் என்று ஆகிவிடக்கூடாது என்ற வீம்பு.

நான்காம் நாள் காலை கணவாய் கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு மணி நேரம்தான் என்றார் தேவ்சிங். எதிரே பனிமேகம் திரண்டுகொண்டிருந்தது. எனக்குக் கால் பின்னியது. ரத்தினவேலு திரும்பி வந்து என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். என் உதடு நீலமாகியிருந்ததாம்.

"உன் பொண்ணு பேரு இன்னா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. நட."

"பேரச் சொல்லு கோபாலு."

எனக்குப் பெயர் வரவில்லை. என் ஒரே மகளின் பெயர். நான் கோபத்தில் அவர் கையைத் தட்டிவிட்டு மேலே நடக்கப் பார்த்தேன்.

"சுரங்கத்துல கெட்ட காத்து ஏறினவன் மொதல்ல சொல்றதே 'எனக்கு ஒண்ணுமில்ல'ன்றதுதான்" என்று என் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். தேவ்சிங் நடுவில் புகுந்து, அவரை நான் இங்கே பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் மட்டும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று இந்தியில் சொன்னார். ரத்தினவேலு கணவாயை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பனி விழத் தொடங்கியிருந்தது. சறுக்கலில் இருவருமாக ஒருமுறை விழுந்தோம். அவர் மூச்சு என் காதில் இரைந்தது. நடுவே அழுகையும் கேட்டது. "நான்தான் உன்ன ஆளில்லாத எடத்துக்கு இட்டாந்தேன். மூச்ச வுட்டுடாதபா. இன்னும் கொஞ்சம்." சுரங்கத்தில் எத்தனையோ பேரைச் சுமந்த அந்த மனிதர் பயந்து நான் பார்த்தது அன்றுதான். மாலைக்குள் கீழே ஒரு மந்தைக்காரரின் குடிசையை அடைந்தோம். சூடான தண்ணீர் உள்ளே போனதும் என் மகளின் பெயர் எனக்கு வந்தது. அதைச் சத்தமாகச் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

தங்க வயலுக்குத் திரும்பியதும் கடைத்தெரு டீக்கடையில் கேட்டார்கள்: "இன்னாபா, உச்சிக்குப் போயி கொடி நட்டீங்களா?" போனோம் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவர், "இல்லபா, பாதியில திரும்பிட்டோம். என்னால ஆவல" என்றார். கடை சிரித்தது. அன்றிலிருந்து அவர் 'பாதிமலை ரத்தினம்' ஆனார். புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அருகில் நின்று நானும் சிரித்திருக்கிறேன்.

ஒருமுறை தனியாக இருந்தபோது ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நாங்க தூக்கினு வந்த ஆளு பேர வெளிய சொல்றதில்ல. அவன் நாளிக்கு மறுபடியும் சுரங்கத்துல இறங்கணும் இல்ல?" என்றார். அதற்குப் பிறகும் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இறுதி ஊர்வலத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பாதிமலையும் பூட்டாரே" என்றபோதும் தலையைக் குனிந்துகொண்டுதான் நடந்தேன்.

அவரை அறிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த உயிரும், அவர் கடைசிவரை வெளியே சொல்லாத ஒரு பெயரும். உயிரை வைத்துக்கொள்கிறேன். பெயரை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அன்று மலையில் முடியாமல் போனவன் ரத்தினவேலு அல்ல. கோபால். சர்வே ஆபீஸ் கோபால்.