சேச்சே, ஒன்றுமில்லை

இங்கே அமெரிக்காவில் ஒரு பல்லைப் பிடுங்குவதற்கு முன் நோயாளியிடம் ஒரு தாளை நீட்டுகிறார்கள். ரத்தம் நிற்காமல் போகலாம், உதடு மரத்தே இருந்துவிடலாம், உயிரும் போகலாம் என்று வரிசையாக எழுதியிருக்கும். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாவகாசமாக வாயைத் திறந்துகொண்டு சாய்கிறார்கள். சேலத்தில் நான் ஏழு வருடம் பல் வைத்தியம் பார்த்தவன். அங்கே இப்படி ஒரு தாளை நீட்டியிருந்தால், "வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?" என்று எழுந்து போயிருப்பார்கள்.

மனைவிக்கு இர்விங் என்ற ஊரில் கம்ப்யூட்டர் வேலை. அவள் விசாவில் தொற்றிக்கொண்டு வந்த எனக்கு வேலை பார்க்க அனுமதியில்லை. என் பட்டமும் இங்கே செல்லாது. வீட்டில் கிடந்து புழுங்கியவன், அபார்ட்மென்ட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு சர்ச்சில் போய் ஒட்டிக்கொண்டேன். லைபீரியாவில் சண்டைக்குத் தப்பி வந்த குடும்பங்களின் சர்ச் அது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஒரு வயதான அமெரிக்க டாக்டர் வந்து இலவசமாகப் பல் பார்ப்பார். பல் பிடுங்கும் குறடுகளைக் கழுவி, கொதிக்கவைத்து, அடுக்குவது என் வேலை. அந்த ஜனங்கள் மட்டும் என்னையும் டாக்டர் என்று கூப்பிட்டார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். "கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருக்கோங்க. யார் வாயிலயும் கைய வெச்சுடாதீங்க," என்பாள் மனைவி.

ஒரு புதன்கிழமை மத்தியானம் நான் அங்கே தனியாகக் குறடு கழுவிக்கொண்டிருந்தபோது, கம்ஃபர்ட் என்ற தன் தங்கையுடன் சாமுவேல் வந்தார். ஹோட்டல் சலவை அறையில் வேலை பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ட்ரம்ஸ் வாசிப்பார். நாலு நாளாகக் கடைவாய்ப் பல் வலி. டார்ச் அடித்துப் பார்த்தேன். தாடைக்கடியில் இரண்டு பக்கமும் கட்டைபோல வீங்கியிருந்தது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. எச்சில்கூட விழுங்க முடியவில்லை. சீழ் கழுத்துக்கு இறங்கிவிட்டது, எந்த நேரமும் மூச்சை அடைத்துவிடும் என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

"டாக்டர், நான் செத்துப்போவேனா?" என்று குழறலாகச் சிரித்தார்.

"சேச்சே, நத்திங். டோன்ட் வொர்ரி," என்றேன். எதற்கும் இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் சேர்த்துக்கொண்டேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். டாக்டர் குரலைத் தாழ்த்தி, "ஒண்ணுமில்ல, எதுக்கும் பெரியாஸ்பத்திரியில காட்டிடுங்க," என்றால், கூட வந்தவர்களுக்கு ஈரக்குலை நடுங்கிவிடும். வாசலிலேயே ஆட்டோவை மறித்துவிடுவார்கள். ஆனால் சாமுவேல் ஒன்றுமில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார். இன்சூரன்ஸ் இல்லாதவர், லீவு போட்டால் வேலை போய்விடும் என்று பயந்தவர். என் கையைக் குலுக்கிவிட்டு நேராக வேலைக்குப் போயிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார் என்று நான் நிம்மதியாகக் குறடுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பாவி!

மறுநாள் மத்தியானம் சலவை அறையில் மூச்சடைத்து விழுந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"நான் கொன்னுட்டேன்," என்றேன் மனைவியிடம்.

"ஆஸ்பத்திரிக்குப் போகத்தானே சொன்னீங்க? வெளியில எதையும் உளறி வெக்காதீங்க," என்றாள். அவள் சொன்னதும் தப்பில்லை. போகச் சொன்னேன்தான். செத்துப்போவாய் என்று மட்டும் சொல்லவில்லை.

சவ அடக்கத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கம்ஃபர்ட் வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், முதல் வரிசையில் குடும்பத்தாரோடு உட்காரவைத்தாள்.

"இவர்தான் எங்கள் டாக்டர். பயப்படாதே என்று அண்ணனிடம் சொன்னவர் இவர் ஒருவர்தான்," என்றாள் எல்லோரிடமும். "அதனால்தான் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினார்."

அத்தனை பேரும் என்னைப் பார்த்து நன்றியோடு தலையசைத்தார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். பேசத்தான் எழுகிறேன் என்று சர்ச்சே அமைதியானது. சாமுவேலுக்கு அத்தையோ சித்தியோ, ஒரு வயதான அம்மாள், நகர்ந்து எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டார். இந்த நாட்டில் எனக்கென்று யாரோ இடம் விட்டது அதுதான் முதல் தடவை. அதில் உட்கார்ந்துவிட்டேன்.