ஆணி பதித்த ஷூ

சென்னையில் ஃபிளமெங்கோ என்ற ஸ்பானிய நடனம் கற்கும் அக்கா மகள் விடுமுறைக்குச் சிவகாசி வந்தாள். ஃபோனில் கிடாரும் பாட்டும் ஒலிக்க, தரையை மிதித்து மிதித்து ஆடினாள். கொண்டாட்டப் பாட்டாம். ஆடி முடித்ததும், பாட்டை நிறுத்தாமலே ஷூவைக் கழற்றித் திருப்பிக் காட்டினாள். முன்னாலும் குதிகாலிலும் கொத்துக் கொத்தாக ஆணிகள்.

பார்த்ததும் இரண்டடி பின்னால் போனேன். பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிறவள் நான். பதினைந்து வருஷமாக அந்த அறைக்குள் வெறுங்காலோடுதான் போகிறேன். இரும்பு உரசி ஒரு பொறி பறந்தால் போதும், அறையே இருக்காது.

“இது வீடுதானே சித்தி, ஒரு தடவை போட்டு மிதிச்சுப் பாருங்க.”

“போடி, எனக்கு உசுரே போயிரும்” என்றேன். அவள் விடாமல் மாட்டிவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு மிதி மிதித்தேன்.

சுதாரித்தபோது தெருமுனையில் நின்றிருந்தேன். ஒரு காலில் ஷூ இல்லை. வீட்டுக்குள் பாட்டு இன்னும் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருந்தது.