சாவிக்காரரின் பதினோரு செடிகள்

அந்த இரும்புப் பெட்டியைத் திறக்கச் சாவிக்காரருக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. பெட்டி ஒரு டாக்ஸி ஓட்டுநருடையது. அவர் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மகன்கள் இருவரும் சுற்றி நின்று, நகையா பத்திரமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூடி திறந்தது. உள்ளே ஒரே ஒரு காகிதப் பொட்டலம், அதற்குள் பழுப்புத் தூள்.

"மூக்குப்பொடியா?" என்றான் மூத்தவன்.

சாவிக்காரர் விரல் நுனியில் ஒற்றி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். சாவிப் பல்லை அராவிப் பழகிய கண். "தூள் இல்ல தம்பி, விதை," என்றார். காகிதத்தின் உள்மடிப்பில் பென்சிலால் 'புகையிலை' என்று மட்டும் எழுதியிருந்தது.

"நீங்களே எடுத்துட்டுப் போங்க," என்று கையில் திணித்தார்கள்.

வேறு யாராவது என்றால் வழியிலேயே உதறியிருப்பார்கள். இவர் முப்பத்து நான்கு வருடம் சிகரெட் பிடித்தவர். விட்டு இரண்டரை வருடம் ஆகிறது. விட்டதற்குக் காரணம் மருத்துவர் இல்லை, பேத்தி. பிறந்த மூன்றாம் மாதமே குழந்தைக்கு மூச்சிழுப்பு வந்தது. மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். காலை ஏழரைக்குக் குழந்தையை விட்டுவிட்டுப் போனால் மாலை நாலரைக்குத்தான் வருவாள். மனைவி பத்து மணிக்குச் சலவைக் கடைக்குக் கிளம்பிவிடுவார். அதற்குப் பிறகு வீட்டின் முன்னறையில் சாவி வெட்டும் இயந்திரம், சாவிக்காரர், பேத்தி, இந்த மூன்று பேர்தான். குழந்தை முதலில் பேசிய பேச்சே அம்மாவும் இல்லை அப்பாவும் இல்லை. இயந்திரத்தைப் பார்த்து, "கிர்ர்".

மகள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். "ஒரே ஒரு தடவை புகை வாசனை வந்தாலும் பிள்ளையக் காப்பகத்துல விட்டுடுவேன். அப்புறம் முகத்தைத் தூக்கி வச்சுக்கக் கூடாதுப்பா."

அப்படிப்பட்டவர் புகையிலை விதைத்தார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. பூட்டைப் பார்த்தால் திறந்து பார்க்கத் தோன்றுகிற ஆளுக்கு, விதையைப் பார்த்தால் முளைக்க வைத்துப் பார்க்கத் தோன்றாதா?

ஒரு சிட்டிகையைத் தட்டில் ஈரமண்ணின் மேல் தூவினார். பத்தாம் நாள் தட்டு முழுக்கப் பாசி பிடித்த மாதிரி பச்சை. நானூறு செடிக்குக் குறையாது. பூட்டுக்குள்ளிருந்து சுருள்கம்பி எடுக்கும் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கழித்தார். கடைசியில் பின்சுவரோரம், துணிக்கொடிக்குக் கீழே, பதினொன்று நின்றன. இரண்டு மாதத்தில் அவருடைய தோளைத் தொட்டன.

பக்கத்து வீட்டு டீச்சர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்ன கீரைங்க இது, இத்தாம் பெரிய இலை?"

"சமைக்க முடியாத கீரை டீச்சர்."

மனைவி துணி உலர்த்திக்கொண்டே, "குடியை விட்டவரு சாராயம் காய்ச்சுற கதையால்ல இருக்கு," என்றார்.

"வளர்க்கத்தான் போறேன். வேற ஒண்ணுமில்ல."

"நான் ஏதாவது கேட்டேனா?"

மொட்டு வந்ததும் சாவிக்காரர் நுனியைக் கிள்ள ஆரம்பித்தார். பூக்க விட்டால் சத்தெல்லாம் பூவுக்கே போய்விடும், இலை சப்பையாகிவிடும். பத்துச் செடியைக் கிள்ளியவர் பதினோராவதில் மனைவியிடம் மாட்டிக்கொண்டார். "இவ்வளவு அழகா ரோஸ் கலர்ல எட்டிப் பார்க்குது, கை எப்படிங்க வருது?" அந்த ஒரு செடி பூத்தது.

அடியிலைகள் ஓரம் மஞ்சளித்துத் தொங்கின. காம்பைக் கீழ்நோக்கி மடக்கினால் நல்ல பூட்டு விழுகிற மாதிரி 'டக்' என்று உடைந்தது. அதுதான் பருவம் என்று அவராகவே கண்டுபிடித்துக்கொண்டார். ஏழரைக்குக் குழந்தை வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மறுநாள் ஆறு மணிக்கே பனியனோடு இறங்கினார். இலையெல்லாம் பனியில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஒடித்த இலைகளை வைக்க இடமில்லாமல், செய்தித்தாளைச் செருகுகிற மாதிரி அக்குளில் செருகிக்கொண்டே போனார். நாற்பது இலைக்கு மேல் சேர்ந்ததும் பின்பக்கக் கொட்டகையில் கொண்டுபோய்க் குவித்தார். கை முழுக்கப் பிசின்.

ஏழேகாலுக்குத் தலை சுற்றியது. குழாயடியில் உட்கார்ந்து குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தார். வியர்த்துக் கொட்டியது. நெஞ்சு தடதடத்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மகள் உள்ளே வந்தபோது, அம்மா அப்பாவின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். கொட்டகைக் கதவு திறந்திருந்தது. இலைகள் குவிந்து கிடந்தன.

"எத்தனை பிடிச்சீங்க?" என்றாள் மகள்.

"பிடிக்கலம்மா."

"பொய் வேற. பச்சை இலையவே சுருட்டிப் பிடிச்சீங்களா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாந்திதான் வந்தது.

இரண்டு தெரு தள்ளியிருந்த மருத்துவமனையில் இளம் மருத்துவர் நாடி பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார்: "எத்தனை சிகரெட்?" மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாவிக்காரர் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார். கண்ணில் நீர் நின்றது. அது வாந்தியால் வந்ததாகவும் இருக்கலாம்.

மனைவி அவரிடமிருந்து கழற்றிய பனியனைக் கையிலேயே சுருட்டி வைத்திருந்தார். அதை விரித்து, கழுத்துப் பட்டியில் ஒரு தடவை, நெஞ்சில் ஒரு தடவை, அக்குளில் ஒரு தடவை என்று நிதானமாக முகர்ந்தார். சலவைக் கடையில் இருபத்தாறு வருடமாகத் துணி பிரிப்பது அவர் வேலை. புகைபட்ட சட்டைகளைத் தனியாக ஊற வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் நாறும்.

"இவர் பிடிக்கல," என்றார்.

"அம்மா, நீ சப்போர்ட் பண்ணாத."

"சப்போர்ட் என்னடி சப்போர்ட்! புகைன்னா காலர்லதான் முதல்ல உட்காரும். காலர் சுத்தம். இங்க பாரு, அக்குள்லதான் மொத்தமும் அப்பியிருக்கு. இது இலைச்சாறு. இவரு ஊரை ஏமாத்தலாம், பனியன் என்னை ஏமாத்தாது."

மருத்துவர் எட்டிப் பார்த்தார். அக்குளில் பச்சையும் கறுப்புமாகப் பிசுக்கு. "காலைல என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். கேட்டு முடித்ததும் சிரித்துவிட்டார். "ஈர இலையைக் கட்டிப்பிடிச்சிருக்கீங்க. புகையிலைல இருக்கிற நிகோடின் விஷம் தோல் வழியாவே இறங்கிடுச்சு. நல்லாக் கழுவிட்டு சாயங்காலம் வரைக்கும் இங்கயே படுங்க."

"அதாவது பிடிக்காமலேயே ஒரு பாக்கெட் பிடிச்சிருக்காரு," என்றார் மனைவி.

மகள் சிரிக்கவில்லை. வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். "இன்னைக்குப் பிடிக்கல, சரி. நாளைக்குக் காய்ஞ்சதும்? அது இந்த வீட்டுல இருக்கிற வரைக்கும் எனக்கு வேலை ஓடாதுப்பா."

காய்ந்ததும் ஒன்றைச் சுருட்டிப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பு அவருக்குள் ஓர் ஓரத்தில் இருந்தது நிஜம்தானே.

நான்கு நாள் குழந்தை வரவில்லை. சாவிக்காரர் இயந்திரத்தை ஓட்டினார், நிறுத்தினார். ஒரு சாவியை இரண்டு தடவை தப்பாக வெட்டினார். ஐந்தாம் நாள் காலை செடிகளைப் பிடுங்கிவிடலாம் என்று மண்வெட்டியோடு பின்பக்கம் போனபோது மனைவி மறித்தார்.

"இவ்வளவு பாடுபட்டு வளர்த்ததை எதுக்குப் பிடுங்கணும்? இலை என்னோட வரட்டும். கடை மாடியில கம்பளிக் கோட்டெல்லாம் பூச்சி அரிக்குது. அந்துருண்டை போட்டா வாடிக்கைக்காரங்க நாத்தம்னு திட்டுறாங்க. இது போட்டா பூச்சி அண்டாதுன்னு முதலாளியே சொல்லியிருக்காரு."

அன்றே இலைகள் பை பையாகச் சலவைக் கடைக்குப் போயின. மீதியைச் சாவிக்காரர் குழந்தை வராத ஞாயிறுதோறும், பனி காய்ந்தபின் நடுப்பகலில், முழுக்கைச் சட்டையும் மழைக்கோட்டும் ரப்பர் கையுறையும் மாட்டிக்கொண்டு பறித்தார். "மழையையே காணோமே!" என்று டீச்சர் சுவருக்கு மேலிருந்து விசாரித்தார்.

இலை வீட்டை விட்டுப் போனதும் குழந்தை திரும்பி வந்தது, ஆனால் சோதனையோடு. தினமும் வாசலில் மகள் முதலில் அப்பாவின் காலரை முகர்வாள், அம்மா சொல்லிக்கொடுத்தபடி. அவர் இரண்டு கையையும் அகட்டி, விமான நிலையத்தில் நிற்பதுபோல் நிற்பார். பிறகுதான் பிள்ளை கைமாறும்.

கடை மாடிக் கொடியில் இலைகள் மஞ்சளாகி, பழுப்பாகின. தொட்டால் நொறுங்கின. மழை வரும்வரை மனைவி காத்திருந்தார். மழைக்கு இலை துணிபோலத் துவண்டது. சட்டை மடிக்கிற மாதிரியே மடித்துக் கோட்டுகளுக்கு நடுவில் வைத்தார். ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து சாவிக்காரர் முன்னால் போட்டார்.

"உங்க பங்கு."

அவர் நெடுநேரம் முகர்ந்தார். சட்டைப் பையில் தீப்பெட்டி இல்லை, ஆனால் அடுப்படி பத்தடி தூரம்தான். கடைசியில் இலையை நான்காக மடித்து, வெட்டாத சாவிகள் கிடக்கும் இழுப்பறையின் அடியில் வைத்து மூடினார்.

மறுநாள் காலை மகள் குனிந்தாள். நிமிர்ந்தாள். முகம் மாறியது.

"அப்பா. புகையிலை."

அவர் கையை அகட்டியபடியே நின்றார்.

மகள் மறுபடி குனிந்தாள். காலரில் ஒரு தடவை. கையில் ஒரு தடவை. விரல் நுனியில் கொஞ்சம் அதிக நேரம்.

"இலைதான்," என்றாள். "புகை இல்ல."

குழந்தையை நீட்டிவிட்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள். குழந்தை அவர் தோளுக்கு மேலாக இயந்திரத்தைப் பார்த்து, "கிர்ர்," என்றது.