லிஃப்ட் பழுதாயிருந்த வரைக்கும்

அலபாமாவில் வெர்லீன் டாலிவர் பகலெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்தாள். பெரும்பாலும் ஆற்றுக்கு அக்கரையில், ஒருகாலத்தில் வெள்ளைக்காரர்களை மட்டுமே சேர்த்துக்கொண்ட, இன்றும் அரசாங்கம் பணத்தைக் கொட்டுகிற பல்கலைக்கழகத்தில். சாயங்காலம் பாலம் தாண்டி இக்கரைக்கு வந்து, அவள் அம்மா படித்த கறுப்பர் கல்லூரியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தாள். பருவத்துக்கு ஒரு பாடம் என்று ஒன்பது வருஷம். மிச்சமிருந்தது தெர்மோடைனமிக்ஸ் ஒன்றுதான்.

அதை நடத்திய டாக்டர் பிராட்னாக்ஸுக்கு எழுபத்தொரு வயது. ஐந்தரைக்குக் கதவைச் சாத்திவிடுவார். மூன்று முறை வெளியே நின்றால் பெயில். உலகம் நம் ஆட்களுக்காக ஒரு நிமிஷம் காத்திருந்ததில்லை, நான் மட்டும் ஏன் என்பார். வழியில் ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி மறித்து, ஜனவரியிலேயே வெர்லீன் இரண்டு முறை வெளியே நின்றாகிவிட்டது.

மூன்றாவது வாரம் கல்லூரி லிஃப்ட் நின்றுபோனது. வகுப்போ நாலாவது மாடியில். மாடிக்கு மாடி உட்கார்ந்து, கைக்குட்டையால் முகம் துடைத்து, டாக்டர் மேலே போய்ச் சேர ஐந்தே முக்கால் ஆகும். அவர் வந்த பிறகுதானே கதவைச் சாத்த முடியும்? வெர்லீன் மரியாதையாக இரண்டு படி பின்னால் ஏறினாள். பிப்ரவரி, மார்ச்சில் ஒரு நாள்கூடத் தாமதமில்லை.

ஏப்ரலில்தான் லிஃப்டைச் சரிசெய்யப் பணம் ஒதுக்கி அனுமதி வந்தது. கம்பெனி அந்த வேலைக்கு அனுப்பியது வெர்லீனை.

பேனலைத் திறந்துகொண்டிருந்தபோது கூடப் படிக்கும் டெஷான் வந்து நின்றான்.

"பார்ட் வரலைன்னு எழுதிடுங்க அத்தை. மே மாசம் பரீட்சை முடிஞ்சதும் வந்துரும்."

"எங்கேருந்து?"

"உங்க பையிலேருந்துதான்."

அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். கதவு ஸ்விட்ச் ஒன்று கருகியிருந்தது, அவ்வளவுதான். ரிப்போர்ட்டில் பாதி வரி எழுதியும்விட்டாள். அப்போதுதான், அக்கரையில் இதே கோளாறை மதியச் சாப்பாட்டுக்கு முன் சரிசெய்து கொடுத்தது ஞாபகம் வந்து தொலைத்தது. தாளைக் கிழித்தாள். நாற்பது நிமிஷ வேலை.

வியாழக்கிழமை கூட்ஸ் வண்டி மறித்தது. ஐந்து முப்பத்தாறுக்கு லிஃப்ட் அவளைக் குலுங்காமல் நாலாவது மாடியில் இறக்கியது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே டாக்டர் மூச்சு வாங்காமல் போர்டில் மூன்றாவது வரி எழுதிக்கொண்டிருந்தார். கதவுக் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"லிஃப்ட் சத்தமே இல்லாம போகுது, மிஸ் டாலிவர். அக்கரையிலகூட இப்படி ஓடாது."

"தேங்க்ஸ் சார்."

"அடுத்த வருஷம் பார்ப்போம்."

டாக்டர் பிராட்னாக்ஸ் ஒரு மாணவியைப் பாராட்டி அந்தக் கல்லூரியில் யாருமே கேட்டதில்லை என்று டெஷான் பிறகு சொன்னான். பத்தாவது வருஷத்துக்குப் பெயர் கொடுக்கும் வரிசையில் நின்றபடி, ஆமாம், கேட்க நன்றாகத்தான் இருந்தது என்றாள் வெர்லீன்.